கம்பெனி வண்டின்னு ஒரு தாளு

காபி இருக்கட்டும் தம்பி, பொறவு குடிச்சுக்கிறேன். உங்க கம்பெனி வண்டிய லீசுக்கு எடுக்க வந்தவன், மொதல்ல அதப் பேசி முடிச்சுக்கிறேன்.

நீங்க சொன்ன மாச வாடகைக்கு நான் ஒத்துக்கிட்டேன்ல? மூணு வருசம் லீசு, சரி. டயரு என் பொறுப்பு, அதுவும் சரி. வேணும்னா வாடகையில ஐநூறு கூடப் போட்டுக்கங்க. அட, சிரிக்காதீங்க தம்பி. எனக்கு ஒரே ஒரு கண்டிசன் எழுதித் தரணும். என்னையும் சேத்து ஏழு பேருக்கு மேல ஏத்துனா அன்னைக்கே வண்டியத் தூக்கிருவோம்னு. கம்பெனி சீலு வச்சு, கொட்டை எழுத்துல.

தெரியும், எல்லாரும் கண்டிசனக் கொறைக்கச் சொல்லித்தான் வருவாக. நான் கூட்டச் சொல்லி வந்திருக்கேன். கிறுக்கன்னு நெனச்சுறாதீங்க. சட்டமே ஏழுதாங்கறீங்க. ஜீப்புக்கும் சட்டம் இருக்கத்தான் செஞ்சுச்சு, யாரு பாத்தா?

நமக்கு ஊரு சிலமலை. தங்கபாண்டின்னா தெரியும். பதினெட்டு வருசமா ஜீப்பு ஓட்டுறேன். வெள்ளன ஊருல ஆளேத்தி, போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டத்துல எறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து விடணும். அம்புட்டுத்தான் சோலி. எத்தன பேரா? பதினாறு. காயெடுப்பு நேரத்துல பதினெட்டு.

ஏத்தாதீங்கன்னு லேசாச் சொல்லிட்டீங்க. யார எறக்கிவிட? ஒருத்தி சின்னாத்தா மக, ஒருத்தி மச்சினன் பொண்டாட்டி. எறங்குத்தான்னா அவளுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. அதுக்கும் துணிஞ்சு வாயத் தொறந்து சொல்லிப் பாத்தேன். ஓ வண்டிதானண்ணே, ஒன்னைய யாரு கேக்கப் போறாங்கறா ஜோதி. சொல்லிக்கிட்டே ஏறி, பக்கத்துல இருந்தவ மடியில உக்காந்துட்டா. ஓ வண்டி, ஓ வண்டின்னுதான் என்னைய மடக்குறாளுக. கம்பெனி வண்டின்னு ஒரு தாளக் காட்டுனா எறங்கிருவாளுக. உங்களத்தான் வைவாளுக, கோவிச்சுக்காதீங்க. மிச்ச ஆளுகளுக்கு இன்னும் ரெண்டு நடை அடிக்கிறேன். நாலு மணிக்கே எந்திரிச்சாலும் சரி.

மூணு நடைன்னா டீசலு கட்டாதுதான். கட்டாட்டிப் போகுது. பயந்து வருது தம்பி. சும்மா நிக்கிற வண்டியிலயே பிரேக்க நாலு தடவ மிதிச்சுப் பாக்கறேன்.

கேள்விப்பட்டிருப்பீங்களே, போன மாசம். எறக்கத்துல வந்துக்கிருக்கோம், மிதிச்சா பொதுக்குன்னு உள்ள போகுது. பிரேக்கே இல்ல. பதினாறு பேரு பாரம், கியரப் போட்டாலும் அடங்கல. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால பொம்பளைக ஆத்தாடி ஆத்தான்னு கத்துறாளுக. வண்டி பாறையில மோதி நின்னுச்சு. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல.

ஆமா, அது நாந்தான். போட்டோ பாத்தீங்களா? மறுநா ஊரே கூடி மால போட்டாக. மொக்கையன் மாமா மைக்கப் புடிச்சு, ஓடுற வண்டியில இருந்து குதிச்சு, சக்கரத்துக்குக் கல்லப் போட்டு, பதினாறு உசுரக் காப்பாத்துன சிங்கம்னாரு. எனக்குப் பொன்னாடைக்குள்ள வேத்து ஊத்துது.

மலையில பிரேக்கு போனா குதிச்சுக் கல்லப் போடுறது உண்டு. ஆனா அது கிளீனர் சோலி தம்பி. ஸ்டேரிங்கப் புடிச்சவன் எறங்கவே கூடாது. வண்டி ஓட்டுற எவனுக்கும் இது தெரியும். படுதாவுக்குள்ள உக்காந்து கத்துனவளுகளுக்குத் தெரியல, எதுக்குக் குதிச்சேன்னு.

கல்லுக்காகக் குதிக்கல. உசுருக்குப் பயந்து குதிச்சேன். பின்னால இருக்கற ஒருத்தி மொகமும் அப்ப நெனப்புல வரல. அடுத்த தடவையும் குதிச்சிருவேனோன்னுதான் தூக்கம் வர மாட்டேங்குது. பதினாறு பேர ஏத்திக்கிட்டு என்னால முடியாது.

அப்ப வண்டியப் பாறைப் பக்கம் திருப்புனது யாருங்கறீங்களா? முன் சீட்டுல மூணு பேரு. ரெண்டு பேரு கண்ண மூடிக்கிட்டாளுக. எட்டி ஸ்டேரிங்கப் புடிச்சு, மலைப் பக்கம் ஒடிச்சு, பாறையில விட்டது ராமுத்தாய். வண்டியத் தொட்டு ஒரு நா ஓட்டுனதில்ல அவ.

எம் பொண்டாட்டி தம்பி.

மால போடும்போது அவளும் கூட்டத்துல நின்னு கை தட்டுனா. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொல்லல, என்னையும் ஒரு வார்த்த கேக்கல. தெனம் காலையில வந்து என் பக்கத்துலதான் ஏறுறா. கைய மட்டும் மடியில வைக்கிறதில்ல, ஸ்டேரிங்குக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு வர்றா.

சரி, எங்க கையெழுத்துப் போடணும்? காட்டுங்க.