மலை தெரியுதா ஒலிங்கா?

…ப்ளேன் கம்பெனியாம் கம்பெனி! அவனுங்கள நம்பி ஒரு ஊரே கெடக்குதேன்னு கொஞ்சமாவது நெனப்பு வேணாம்? வாங்க டாக்டர், உள்ள வாங்க, கதவ சாத்துங்க, குளிரு வருது. அந்தப் பைய பாத்து… ஐயோ, இடிச்சுக்கிட்டீங்களா? என் வீட்டுக்காரரு பண்ற வேல அது. யாரு கால்லயாவது படணும்னே நடு வாசல்ல வச்சிருக்காரு. செவ்வாக்கெழமையிலேருந்து அங்கதான் கெடக்கு. நான் எடுத்து உள்ள வைப்பேன், கொஞ்ச நேரத்துல மறுபடி வாசலுக்கு வந்துரும். விடுங்க. ஒக்காருங்க.

ப்ளேன் இன்னைக்கும் வராது. அதக் கேக்கத்தானே வந்தீங்க? மொகத்த பாத்தாலே தெரியுது. பாவம், பள்ளிக்கூடத்துத் தரையில படுத்து இடுப்பு போயிருக்கும். பல்லு பாக்க வந்த மனுசன இப்படி ஊர்லயே புடிச்சு வச்சிருக்கானுங்களே!

உங்களுக்காச்சும் இடுப்பு ஒண்ணுதான். எங்க நெலம என்ன? கடையில முட்டை இல்ல. பால் பவுடரு இல்ல. கொழந்தைங்களுக்கு டயப்பர் இல்ல. தபால் ஆபீசுல அனிஷ்யா சும்மா ஒக்காந்து நகம் வெட்டிக்கிட்டிருக்கா. கோவம் மட்டும் எல்லாருக்கும் என் மேல! நான் என்ன ப்ளேன பின்கட்டுல கட்டியா வச்சிருக்கேன்? நான் வெறும் ஏஜென்ட். ப்ளேன் வந்தா வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுதளத்துக்குப் போவேன், மூட்டைய எறக்குவேன், ஆள ஏத்துவேன், கைய ஆட்டுவேன். அவ்ளோதான். பறக்கறது அவனுங்க பாடு.

டீ எடுத்துக்குங்க. சர்க்கரை இல்ல, அதுவும் ப்ளேன்லதான் வரணும். இந்த மீன கடிங்க. போன கோடையில புடிச்ச சால்மன், நானே புகை போட்டது. பல்லுக்கு நல்லதா கெட்டதான்னு நீங்கதான் சொல்லணும்.

என்ன, ஜன்னலையே பாக்குறீங்க? வெயிலா? அது வெயிலு இல்ல டாக்டர், வெளிச்சம். மே மாசம் எங்க அலாஸ்கால அப்படித்தான், கண்ணு கூசும். அத நம்பிப் ப்ளேன் விட முடியுமா? ப்ளேனுக்கு வேண்டியது மலை. மலை தெரியணும்.

அதுக்கு ஒரு மொற இருக்கு. தெனம் காலையில பெத்தேல் டவுன்ல இருக்குற கம்பெனி ஆபீசுலேருந்து மார்லீன் போன் பண்ணுவா. குசலம் எல்லாம் கெடையாது. "மலை தெரியுதா ஒலிங்கா?" அவ்ளோதான் கேப்பா. நான் இந்த நாக்காலியிலேருந்தே இப்படித் திரும்பிப் பாப்பேன். தெரியுதுன்னா ப்ளேன் கெளம்பும். தெரியலன்னா ப்ளேன் இல்ல. வேற மெஷினு, கிஷினு ஒண்ணும் கெடையாது. ஒரு தடவ கேமரா கொண்டாந்து வச்சாங்க. அண்டங்காக்கா வந்து வயர புடுங்கிப் போட்டுச்சு. அப்புறம் மறுபடியும் என் கண்ணுதான். இத்தன வருசத்துல என் வார்த்தைய எவனும் சந்தேகப்பட்டது கெடையாது. மழையில, பனியில, எல்லாத்துலயும் நான் சொன்னா சொன்னதுதான்.

புருவத்த தூக்குறீங்க? எங்க ஆளுங்ககிட்ட புருவத்த தூக்கினா 'ஆமா'ன்னு அர்த்தம், தெரியுமில்ல? அப்ப ஆமான்னுட்டீங்க. சந்தோசம்.

ம்? எது? அந்தக் கூம்பா… வெள்ளையா… அதுவா. அது மலைதான். மலை இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா உச்சிய பாருங்க. அந்தா… ஒரு இது… பஞ்சாட்டம்… இப்பதான் இருந்துச்சு. நீங்க பாக்கும்போது போயிருச்சு. அப்படித்தான், திடீர்னு வரும், திடீர்னு போகும். மலைய விடுங்க, டீ ஆறுது.

சரி, ப்ளேன் வந்துட்டா மட்டும் பெருசா என்ன கெடைக்குது? ஓட்டுறவன பாத்திருக்கீங்கல்ல? பிராடின்னு ஒருத்தன், ஒஹையோ பக்கத்துப் பய. மீச கூட ஒழுங்கா மொளைக்கல. இங்க வந்து நாலு வருசம் ஓட்டிப் பழகிட்டு பெரிய ப்ளேனுக்குப் போயிருவான். பழகறதுக்கு நாம! மேல ஏறினதும் சாண்ட்விச்ச பிரிக்கிறானாம். ஒரு கையில சாண்ட்விச்சு, ஒரு கையில… என் நாத்தனா பக்கத்து சீட்டுல ஒக்காந்து பாத்திருக்கா. உனக்கும் பாதி வேணுமான்னு கேட்டானாம். இவளும் வாங்கித் தின்னிருக்கா!

அந்த நாத்தனா கதைய கேளுங்க. ப்ளேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி எல்லாரையும் எடை கேக்கணும். ஆளு எடை, மூட்டை எடை, எல்லாம் சேத்து பைலட்டுக்குச் சொல்லணும், அப்பதான் அவனுக்குக் கணக்கு. இவள கேட்டா கல்யாணத்தன்னிக்கு இருந்த எடைய சொல்றா. மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லாம சொல்றா! பாதிரியாரே பத்து பவுண்டு கொறைக்கிறாரு. நானும் சிரிக்காம எழுதிக்கிட்டு, கீழ ரெண்டு பெட்டிய எறக்கி வச்சிருவேன். அப்ப என்ன அர்த்தம்? மேல போற ஒவ்வொரு ப்ளேனும் பொய்யிலதான் போகுது. அது எவனுக்காச்சும் தெரியுமா? எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்ப ஆத்து வழி இருந்துச்சுன்னா இந்தப் பாடே இல்ல. குளிர்காலத்துல ஆறு ஒறைஞ்சு கெடக்கும், அது மேல வண்டியிலயே பெத்தேல் போயிருவோம். கோடையில படகு. நான் எப்பவும் அப்படித்தான். ஆனா இந்த ஒரு மாசம்… கேக்குதா, கடகடன்னு? பனி ஒடையுது. ஒவ்வொரு பாளமும் வீட்டு அளவுக்கு மெதந்து போகுது. வண்டியும் போகாது, படகும் போகாது. பேறுகாலத்துக்கு நல்ல மாசமா பாத்து வச்சா பாருங்க என் பொண்ணு!

ஆமா, வேராதான். சொல்லலையா உங்ககிட்ட? எங்க ஊர்ல மருத்துவச்சி, ஆஸ்பத்திரி எதுவும் இல்லல்ல. கடைசி மாசத்துல புள்ளத்தாச்சிங்கள எல்லாம் பெத்தேலுக்கு அனுப்பிருவோம். அங்க பெரிய வீடு ஒண்ணு இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல. எல்லா ஊருப் பொண்ணுங்களும் வயித்த தள்ளிக்கிட்டு அங்க ஒக்காந்து டிவி பாக்கும். மாப்ள மீன் கம்பெனி வேலைக்குத் தெக்க போயிருக்காரு. அவ கூட ஒருத்தரும் இல்ல. மொதப் புள்ள. நான்தான் இருக்கேன்னு சொன்னேன். "பனி ஒடையுறதுக்கு முன்னாடியே வந்துருவேண்டி"ன்னு சொன்னேன். சொல்லிட்டு… தள்ளித் தள்ளிப் போட்டேன். துணி தைக்கணும்னேன், மீன் கட்டணும்னேன். பனி ஒடைஞ்சிருச்சு.

அவ தெனம் ராத்திரி போன் பண்றா. "எப்பம்மா வர்ற?" "மேகம்டி. மலையே தெரியல. கம்பெனிக்காரனுங்க விடமாட்டேங்கிறானுங்க." அப்படின்னதும் சரின்னு போன வச்சிருவா.

என்ன பாக்குறீங்க?

நீங்க ஒண்ணும் யோக்கியம் இல்ல டாக்டர். முந்தாநாளு பள்ளிக்கூடத்துல பாத்தேனே. அந்தச் சின்னப் புள்ள வாயத் தெறக்காம நாக்காலிய கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நீங்க என்ன சொன்னீங்க? "வலிக்காது கண்ணு." வலிச்சுச்சா இல்லையா? ஊரே கேக்குற மாதிரி கத்துச்சு! அப்ப அது பொய்யில்லையா? நீங்க வலிக்காதுன்னா அது வைத்தியம், நான் மேகம்னா மட்டும்…

…

சரி. சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு.

எழுந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. டீய குடிச்சு முடிங்க. ஆமா, நான்தான் சொன்னேன். செவ்வாக்கெழம சொன்னேன், மலை தெரியலன்னு. கொடியில துணி காய வச்சுக்கிட்டே சொன்னேன். புதங்கெழம சொன்னேன். நேத்து சொன்னேன், கண்ணுக்கு வெயிலு குத்துதுன்னு தெரைய இழுத்துவிட்டுட்டுச் சொன்னேன்! போதுமா?

ஊருக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? எல்லாத்துக்கும் கண்ணு இருக்கு. ஆனா எங்க ஆளுங்க மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வருவாங்க, டீ குடிப்பாங்க, ஜன்னல் வழியா பாப்பாங்க, "நல்ல வெளிச்சமா இருக்கு ஒலிங்கா"ம்பாங்க, போயிருவாங்க. கடக்காரரு வந்துட்டுப் போனாரு. அனிஷ்யா வந்துட்டுப் போனா. என் வீட்டுக்காரரு ஈவான், வெளிய போயி வானத்த நல்லா அண்ணாந்து பாத்தாரு. உள்ள வந்தாரு. என் துணிமணிய பையில போட்டு, வேராவுக்குப் புடிச்ச மீன மேல வச்சு, வாசல்ல கொண்டுபோயி வச்சாரு. நீங்க இடிச்சுக்கிட்டீங்களே, அந்தப் பைதான்.

பயம் டாக்டர். வேற என்ன? ஒரு தடவகூட நான் ப்ளேன்ல ஏறினதில்ல. அத போயி யாருகிட்ட சொல்றது? ஊர்ல பாதிப் பேர நான்தான் ஏத்தி அனுப்பியிருக்கேன். அழுற கெழவிங்கள எல்லாம் முதுகுல தட்டி, "ஒண்ணும் ஆகாது, ஏறு"ன்னு தள்ளிவிட்டிருக்கேன். ப்ளேன்காரி ஒலிங்கா ப்ளேனுக்குப் பயப்படுறான்னா சிரிக்க மாட்டாங்க?

எது விழுந்துச்சு, என்ன பாத்தன்னு கேப்பாங்க. ஒண்ணும் விழல. எங்க ஓடுதளத்துல இதுவர எல்லாம் ஒழுங்கா எறங்கி ஒழுங்கா ஏறியிருக்கு. அதுதான் எனக்குப் பயமே! இத்தன வருசமா ஒண்ணும் ஆகலியே, அவ்வளவையும் எனக்குன்னு சேத்து வச்சிருக்கோன்னு. கையசைச்சுட்டு வண்டியில திரும்பி வருவேன் பாருங்க, அது சின்னதாகி, கொசுவாகி, இல்லாமப் போகும். இல்லாமப் போறத பாத்துக்கிட்டே இருந்தவ நான். ஏறிப் போனவங்க எங்க பாத்தாங்க? அவங்க சாண்ட்விச்சு தின்னுக்கிட்டிருந்தாங்க.

நேத்து ராத்திரி வேரா போன் பண்ணா. நான் ஆரம்பிச்சேன், மேகம்டி, கம்பெனிடின்னு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொல்றா, "ஆத்துக்கு மேல இருக்குற ஊருலேருந்து இன்னைக்கு ஒரு பொண்ணு வந்துச்சும்மா. ப்ளேன் நம்ம ஊரு மேலதான் வந்துச்சாம். நம்ம வீடு தெரிஞ்சுச்சாம். கொடியில உன் செவப்பு கவுனு காயிறது கூட தெரிஞ்சுச்சாம்."

திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு கத்து கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவ திட்டல. அப்புறம், "சரிம்மா, மேகம் கலைஞ்சதும் வா. இடுப்பு லேசா வலிக்குது, படுக்குறேன்"னு வச்சுட்டா.

இடுப்பு லேசா வலிக்குதாம்! கேட்டீங்களா? அது எங்க ஊரு மொற. மூஞ்சிக்கு நேரா கேக்க மாட்டா என் பொண்ணு. நான் வளத்ததுல்ல. நல்லா வளத்தேன். ராத்திரி பூரா தூங்கல டாக்டர். அவ தனியா…

இருங்க. போன். மார்லீனாத்தான் இருக்கும். எடுக்கட்டுமா? எடுக்கறேன். அதுவா அடிச்சு ஓயட்டும்னு பாத்தா… எடுக்கறேன்.

ஹலோ. ம். நான்தான். ம்… மலையா?

டாக்டர், நீங்களே பாத்துச் சொல்லுங்க. தெரியுதா? …ஆங். புருவத்த தூக்கிட்டாரு.

தெரியுது மார்லீன். …நல்லாத் தெரியுது. உச்சி வரைக்கும். …செவ்வாக்கெழமையிலேருந்தே தெரியுது. ஏன்னு எல்லாம் அப்புறம் சொல்றேன், இப்ப கேக்காத. நேர்ல வந்து திட்டு வாங்கிக்கிறேன். …எத்தன பேரா? ரெண்டு. பல் டாக்டரு ஒண்ணு. அப்புறம்… ஒலிங்கா. …எந்த ஒலிங்காவா? ஊருக்கு எத்தன ஒலிங்கா இருக்கோம்? நான்தான்! சிரிக்காத. சிரிக்காத மார்லீன், வச்சுருவேன்.

எடையா? நூத்தி அறுவது போட்டுக்க.

…இரு, இரு. எழுதிட்டியா? அடிச்சுரு. நூத்தி எழுவத்தஞ்சு. …மார்லீன், இருக்கியா? நூத்தி தொண்ணூத்தி நாலு. ஆமா, அதான் உண்ம. அதையே போடு. யாரு ஓட்டுறா? …பிராடியா. சாண்ட்விச்சு கொண்டு வராம வரச்சொல்லு. …அப்புறம், அந்தப் புள்ளத்தாச்சிங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டு வேராகிட்ட சொல்லு. மேகம் கலைஞ்சிருச்சுன்னு சொல்லு. அவளுக்குப் புரியும். வைக்கிறேன்.

…

சொல்லிட்டேன். இனி வந்துரும். டீ குடிக்கிற நேரந்தான், மலைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்கும். என்னப் பாருங்க. முந்தாநாளு அந்தப் புள்ள மாதிரியே நாக்காலிய கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அதுக்காச்சும் ஏழு வயசு.

பைய தூக்குங்க டாக்டர், எனக்கு தெம்பில்ல. வண்டிய நீங்களே ஓட்டுங்க. உள்ள ஏறினதும் எனக்குப் பக்கத்துல ஒக்காருங்க. ஜன்னல் பக்கம் நீங்க, எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம். அப்புறம் அந்தப் புள்ளகிட்ட சொன்னீங்கல்ல, அத என்கிட்டயும் ஒரு தடவ சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல. அதே கொரல்ல, "வலிக்காது கண்ணு"ன்னு சொல்லுங்க.