அஞ்சு ஊத்துக் காணி

அந்த நோட்டீஸ மடிச்சு சட்டைப் பையில வைக்காதீங்கண்ணே. சொல்றத கேளுங்க. வேணும்னா வெத்தல மடிங்க, பஸ்ஸுல ஜன்னல் ஆடாம இருக்க சொருகி வைங்க, ஆனா வீட்டுக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க. வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கா? ஏ.எல். பரீட்ச முடிச்சிருச்சா? அப்ப கட்டாயம் கிழிச்சுப் போட்டுருங்க.

நானும் இப்பிடித்தான் ஒரு நோட்டீஸ மடிச்சு பையில வச்சேன். அதுல ஆரம்பிச்ச தொல்லதான், இன்னைக்கு வேல வெட்டிய விட்டுட்டு திகன மண்டபத்துல, இந்த கால் சரியில்லாத பிளாஸ்டிக் கதிரையில உங்க பக்கத்துல உக்காந்து ஆடிக்கிட்டு இருக்கேன். நீங்க எங்கருந்து? கம்பளையா! அவ்வளவு தூரத்துல இருந்தா... ஆ, மச்சானோட காரியமா. சரி சரி. மச்சான்மார் வேலன்னா அப்பிடித்தான், நாமதான் ஓடணும். உங்க நம்பர் எனக்குப் பின்னாலயா? அப்ப நேரம் கெடக்கு. உள்ள ஆட்சேபண சொல்லப் போன அம்மா இன்னும் கொய்யா மரத்துல இருந்து ஆரம்பிச்சு சொல்லிக்கிட்டு இருக்கு.

மொதல்ல அந்த நோட்டீஸ விரிங்க. கண்ணாடி கொண்டு வரலயா? குடுங்க, நான் வாசிக்கிறேன். 'சுற்றாடல் வரைபடமாக்கலிலும் நிலத்தோற்றப் பாதுகாப்பிலும் தொழில் வாய்ப்புகள்.' தலைப்பே மூச்சு வாங்குது பாருங்க. கீழ வாங்க. 'புவியியல் தகவல் ஆய்வாளர்.' அப்பிடின்னா நாள் முழுக்க லெப்டொப்புக்கு முன்னால உக்காந்து காட்டுக்கு பச்சையும் ஆத்துக்கு நீலமும் பூசுற ஆளு. நர்சரி புள்ளைக சம்பளம் வாங்காம செய்யுதே, அதே வேல. 'ட்ரோன் இயக்குநர்.' கல்யாண வீட்டுல போட்டோ புடிக்கிறவனும் அதத்தான் பண்றான், அவனுக்கு புரியாணியாவது குடுப்பாங்க. 'நிலத்தோற்றப் பாதுகாப்பு உத்தியோகத்தர்.' மலை எங்கயாவது ஓடிப் போயிருமோன்னு காவல் நிக்கிறது. கடைசி வரிய பாத்தீங்களா? 'ஊர் ஊற்றுக் காவலர். வயதெல்லை இல்லை. கல்வித் தகைமை தேவையில்லை.' ஹா! குட்டைக்குப் பக்கத்துல குடைய புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு ஒரு உத்தியோகம்! எந்தக் கிறுக்கன்ணே போவான் இதுக்கு?

அந்த மேசையில நோட்டீஸ் குடுத்துக்கிட்டு இருக்குதே, பச்ச சட்ட, முடிய தூக்கிக் கட்டியிருக்கு... திரும்பாதீங்க! மெதுவா பாருங்க. அதுதான் நம்ம மூத்தது. நிரோஷா. உங்களுக்கு இந்த நோட்டீஸ சிரிச்சுக்கிட்டே குடுத்துச்சுல்ல? அந்த சிரிப்ப நம்பாதீங்க. வீட்டுல எனக்கு அது கெடையாது.

என் தொழில் காணி தரகு. தனபாலன்னு கேட்டா பிலிமத்தலாவையில இருந்து திகன வரைக்கும் சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கங்கிறது வேற கத. தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்தவன்ணே நான். நமக்குன்னு ஒரு முழ மண்ணு இல்லாம வளந்து, அடுத்தவனுக்கு மண்ணு வித்தே ஒரு வீடு கட்டுனேன். பெருமைக்கு சொல்லல... சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

இவ ஏ.எல்.லுல புவியியல் நல்லா செஞ்சா. டீச்சராக்குவோம்னு வீட்டுக்காரி சொன்னா. பேங்குக்கு அனுப்புவோம்னு மச்சினன் சொன்னான். நான் கேட்டேனா? கண்டியில ஒரு ஹோட்டல்ல கூட்டம்னு ஒருத்தன் நோட்டீஸ் குடுத்தான், புள்ளைய கூட்டிக்கிட்டு போயிட்டேன். கோட்டு போட்ட ஒரு ஆளு மேடையில நின்னு, எதிர்காலமே மெப்புலதான் இருக்குங்கிறான். சிங்களத்துல ஒருக்கா சொன்னான், இங்கிலீசுல ஒருக்கா சொன்னான். தமிழ்ல சொல்லல, ஆனா ரோல்ஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குடுத்தாங்க, கொற சொல்லக் கூடாது. நான் ரோல்ஸ தின்னுக்கிட்டே யோசிச்சேன். நான் காணி விக்கிறவன், மக மெப் போடுறவ. சர்வேயர் பின்னால அலைய வேணாம், நான் கைய காட்டுற எடத்துல கோடு போட வீட்டுலயே ஒரு ஆளு! மேடையில நின்னவன் கண்ணுக்கு எதிர்காலம் தெரிஞ்சிச்சு. என் கண்ணுக்கு துண்டு துண்டா காணி தெரிஞ்சிச்சு.

கெம்பஸ்ல படிச்சு முடிச்சா. வேலையும் கெடைச்சிச்சு. என்ன வேல? புரொஜெக்ட்! மாத்தளையில இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தாங்க. பென்சன் இருக்கான்னாங்க. புரொஜெக்ட்டுன்னேன். முடிஞ்சா என்ன செய்யும்னாங்க. இன்னொரு புரொஜெக்ட்டுன்னேன். அது வரலன்னா? மாப்பிள்ளையோட அம்மா குடிச்ச பிளேன்டிய பாதியில வச்சிட்டு எழும்பிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்லவா முடியும்? வெள்ளக்காரன் மூணு வருஷத்துக்கு காசு குடுக்குறான், மூணு வருஷமும் மரத்துக்கு நம்பர் அடிக்கிறாங்க. நாலாவது வருஷம் அந்த மரத்த எவன் வெட்டுனாலும் கேக்க நாதியில்ல. நம்பர் மட்டும் கம்பியூட்டர்ல பத்திரமா இருக்கும்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தா காலெல்லாம் அட்ட. வாசல்ல குந்திக்கிட்டு, உப்பத் தடவித் தடவி பிடுங்குறா. எங்கம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து பிடுங்குன அதே மாதிரி, அதே குந்தல். அதுல இருந்து தப்பிக்கத்தானேண்ணே படிக்க வச்சேன்? நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு சிரிப்பு வரல. கேட்டா, 'எனக்குப் புடிச்ச வேலப்பா'ங்கிறா. அட்டைக்கும் இவளத்தான் புடிச்சிருக்கு.

ஆ, மெப்பு. அதுக்குத்தானே வந்தேன். அந்தா சுவத்துல தொங்குதே, அதுதான். இன்னும் முடிவான மெப்பு இல்ல, ஆட்சேபண இருந்தா இன்னைக்குள்ள வந்து சொல்லணுமாம். கெழக்குப் பக்கம் செக்கச் செவேல்னு ஒரு எடம் தெரியுதா? என் காணி. ஹலீம் நானாவோட காணின்னு சொல்லணும், உறுதிப் பத்திரம் அவரு பேருல. அவரு மண்ணக் குடுத்தாரு, நான் ரோடு வெட்டி, எட்டு துண்டாப் பிரிச்சு, கல்லு நட்டேன். கீழ விக்டோரியா அணைத் தண்ணி கண்ணாடி மாதிரி தெரியும். காத்து... அப்பா! ஒரே ஒரு கொறதான். மேல தண்ணி இல்ல.

அதுக்கு தொழில்ல ஒரு முறை இருக்கு. காணி பாக்க வர்ற ஆள பங்குனி, சித்திரையில கூட்டிக்கிட்டு போகக் கூடாது. கல்யாணம், காய்ச்சல்னு ஏதாவது சொல்லி இழுத்தடிச்சு, கார்த்திக மழ நல்லா அடிச்சு ஓஞ்ச மறுநாள் காலைல கூட்டிக்கிட்டு போகணும். மலை பூராவும் ஒழுகும். எந்தக் கல்லு இடுக்குல தண்ணி வருதோ அங்க போயி நின்னு, ஒண்ணுமே பேசாம, கைய கழுவணும். அவ்வளவுதான். வாங்குறவன் மனசுல ஊத்து தன்னால பொறந்துரும். இது பொய்யாண்ணே? நான் வாயவே தொறக்கலயே!

கம்பளைன்னதும் ஞாபகம் வருது, மேல் துண்ட வாங்குனவரு உங்க ஊருக்காரருதான். எஸ்ரன் மாஸ்டர்னு, ரிட்டயர் ஆனவரு... என்ன, தூக்கிப் போட்டிருச்சு? கதிர ஆடுதுல்ல. கொஞ்சம் இந்தப் பக்கமா சாஞ்சு உக்காருங்க. மாஸ்டருக்கு அந்தூரியம் வளக்கணுமாம். கொஞ்சம் கஷ்டமான ஆளு. மழ விட்டு நல்லா வெயில் புடிச்ச பொறகு இன்னொருக்கா வந்து பாப்பேன்னு நின்னுட்டாரு. நான் என்ன செய்ய? ஹலீம் நானா வீட்டு தண்ணி டாங்கியில இருந்து ஒரு கறுத்த பைப்ப இழுத்து, மானாப்புல்லுக்கு அடியில பொதச்சு, பாற இடுக்குல வாய வச்சு விட்டோம். சலசலன்னு வந்திச்சு பாருங்க, எனக்கே ஆசையா இருந்திச்சு. மாஸ்டர் குனிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சிட்டு, 'ஆண்டவர் குடுத்த தண்ணி தனபாலன்'னாரு. ஆண்டவர் இல்ல மாஸ்டர், ஹலீம் நானான்னு சொல்லவா முடியும்?

இருமுறீங்களே, தண்ணி வேணுமா? வேணாமா. சரி.

அதுக்கு அடுத்த மழையிலயே மகளோட கோஷ்டியும் அந்தப் பக்கம் வந்து எறங்கிருச்சு. ஊத்து, ஓட எல்லாத்தையும் பதியிறாங்களாம். வானத்துல இருந்து சட்டலைட் பாக்குமாம், ஆனா புல்லுக்கு அடியில இருக்க ஊத்து அதுக்குத் தெரியாதாம், அத ஊராளுக கிட்டத்தான் கேக்கணுமாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. யோசிச்சுப் பாருங்க! அரசாங்கத்துக்குப் போற மெப்புலயே என் காணியில தண்ணி இருக்குன்னு நீலப் புள்ளி விழுந்தா, அதுக்கு மேல ஒரு விளம்பரம் உண்டா? நானே முன்னால நடந்தேன். இங்க ஒண்ணு, அந்தப் பாறைக்குக் கீழ ஒண்ணு, கித்துள் மரத்தடியில ஒண்ணு... மழக்காலம், கைய காட்டுற எடமெல்லாம் தண்ணி. அஞ்சு காட்டுனேன். பைப்பையும் சேத்துத்தான் அஞ்சு. மக அதுல ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. 'அப்பா, குளோரின் வாசம் வருதே'ன்னா. அது கல்லு வாசம்மான்னேன்.  சரி, நீங்க சொன்னதா எழுதிக்கிறேன்னு எழுதிக்கிட்டா.

இப்ப சுவத்த பாருங்க. ஊத்து இருந்தா அதச் சுத்தி ஒரு செவப்பு வட்டமாம். வட்டத்துக்குள்ள வீடு கட்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, மண்ணுல கை வைக்கக் கூடாது. பாதுகாப்பு! அஞ்சு அப்பத்த ஒண்ணு மேல ஒண்ணு போட்ட மாதிரி அஞ்சு வட்டம். எல்லாத்துக்கும் வெளிய மிஞ்சி நிக்கிறது எது தெரியுமா? நான் வெட்டுன ரோடு. அதுலயும் பாதி. மாஸ்டரோட துண்டும் உள்ள போயிருச்சு, மத்த ஏழும் போயிருச்சு. காணி பாக்க வர்றவன் எல்லாம் போன்ல மெப்ப தட்டிப் பாத்துட்டு பாதி வழியிலயே திரும்புறான். வீட்ட ஈடு வச்சுத்தான்ணே ரோடு வெட்டுனேன். அந்த வட்டம் போகலன்னா என் வீடு போயிரும்.

மககிட்ட கெஞ்சிப் பாத்தேன். சோறு போட்டுக் குடுத்து, மீன் துண்டையும் அவ தட்டுல வச்சு, அந்தப் புள்ளிய அழிச்சிரும்மான்னேன். 'என்னால முடியாதுப்பா. மண்டபத்துக்கு வாங்க, பஹீம் சேர் முன்னால, நான் காட்டுனது ஊத்து இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க. அன்னைக்கே எடுத்துருவோம்'ங்கிறா. பாத்தீங்களா படிப்ப? ஒரு விரல். ஒரு தட்டு. அப்பனுக்காக அது முடியாது! மீன மட்டும் தின்னுட்டு எழும்பிட்டா. பஹீம் சேர்னா அந்தா உள்ள ஜன்னலோரம், தாடி வச்சிருக்காரே, அவருதான் இவளுக்கு மேல. நல்ல மனுசன். அதுதான் சங்கடம், கெட்டவன்னா எப்பிடியாவது பேசிருவேன்.

சரி, சொல்லித் தொலைச்சிருவோம்னுதான் வந்திருக்கேன். காலைலயே ஹலீம் நானாவுக்கு போன் பண்ணி பைப்ப கழட்டச் சொல்லிட்டேன். உள்ள போறேன், 'சேர், அங்க ஊத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, அது மழத் தண்ணி, நான் வெவரம் தெரியாம காட்டிட்டேன்'ங்கிறேன். வட்டம் போயிரும். வீடு தப்பிச்சிரும். எஸ்ரன் மாஸ்டர் காதுக்கு மட்டும் போகாம இருந்தா சரி. அவரு எங்க இங்க வரப் போறாரு, முழங்கால் வலிக்காரரு, யாரையாவது அனுப்புனாத்தான்...

என்ன எழும்பிட்டீங்க? உங்க நம்பர் இன்னும் வரலயே.

என்ன? எந்த பைப்பா? அதான் சொன்னேனே, மேல் துண்டுல... ஏன்ணே அப்பிடிப் பாக்குறீங்க? உங்க மச்சான் என்ன வேல பாத்தாருன்னு சொன்னீங்க? இல்ல, நீங்க சொல்லல. நான் எங்க சொல்ல விட்டேன்...

மாஸ்டரா.

முழங்கால் வலியா.

அண்ணே! உக்காருங்க! நான் சும்மா... தரகர்னா நாலு வார்த்த கூடத்தான் வரும், அதப் போயி...! போன எடுக்காதீங்க! மாஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்க! தண்ணி இருக்குண்ணே! எம் மக மேல சத்தியமா இருக்கு! அஞ்சு ஊத்தும் இருக்கு, பங்குனி வெயில்லயும் வத்தாது, எங்க வந்து வேணும்னாலும் சொல்லுவேன்!

...

என்ன, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

ஆ... பஹீம் சேர். தனபாலன்தான் சேர். என் நம்பரா கூப்புட்டீங்க? கேக்கல சேர். சண்ட எல்லாம் இல்ல, சும்மா பேசிக்கிட்டு... ஆமா, நான் சொன்னதுதான். அங்க வரைக்குமா கேட்டிச்சு? ஆட்சேபணையா... எனக்கா...

அண்ணே, அந்த போன கொஞ்சம் காதுல இருந்து எடுங்களேன்.

இல்ல சேர். ஆட்சேபண... ஒண்ணும் இல்ல. வட்டம் அப்பிடியே இருக்கட்டும். நிரோஷா, நீ என்னம்மா எழுதுற? என் பேர எதுக்கு... காவலரா? ஊத்துக் காவலரா? நானா? இல்ல சேர், வயசு... ஆமா, வயதெல்லை இல்லதான், வாசிச்சேன். அஞ்சு ஊத்தையும் என்ன விட்டா தெரிஞ்ச ஆளு இல்லதான், அது சரிதான் சேர், ஆனா... பங்குனியில அளக்க வருவீங்களா? அஞ்சையுமா? யாரு, இவளா வருவா?

சிரிக்காதடி.

கொஞ்சம் இருங்க சேர், ஒரே ஒரு போன் கோல் எடுத்துட்டு வந்து கையெழுத்து வைக்கிறேன்.

ஹலோ... ஹலீம் நானா? அந்த பைப்ப கழட்டிட்டீங்களா? திரும்பப் போடுங்க. கேள்வி கேக்காதீங்க நானா, போடுங்க.

இன்னும் நாலு வேணும்.