ஐந்தாவது பையன்

வழுக்கைத் தலைக்காரனுக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பந்தயத்தில் தோற்றவனின் நெற்றியில் சுண்டுவது ரஷ்யாவில் எங்கள் உரால் மலைப் பக்கத்து வழக்கம் என்பதால், எனக்கு இது கொஞ்சம் முக்கியமான விஷயம். அதுவும் ரோதியோன் சுண்டினால் ஒரு வாரத்துக்குத் தொப்பியைக் கழற்ற முடியாது.

எங்கள் ஐஸ் ஹாக்கிப் பள்ளியில் பிறந்த வருடத்தை வைத்துத்தான் அணி பிரிப்போம். ரோதியோன் 2004 செட்டின் பயிற்சியாளர். நான் பள்ளியின் மருத்துவர், எனக்கு 2005 செட்தான் உயிர். மூக்கொழுக வந்த அந்தப் பொடியன்களைச் சோதித்து உள்ளே அனுப்பியவனே நான்தான்.

சனிக்கிழமை நீராவிக் குளியலறையில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது.

“உங்க செட்டுல ஒருத்தன் நட்சத்திரம், ஒத்துக்கறேன் கிளெப். அவன எடுத்துட்டா மிச்சம் வெறும் தண்ணி,” என்றான் ரோதியோன். “எங்க செட்டப் பாரு. இந்த டிராஃப்ட்ல அமெரிக்காக்காரன் நாலு பேரப் பொறுக்கிட்டான்.” கோடைதோறும் அமெரிக்க லீக் அணிகள் சுற்றுச் சுற்றாகப் பெயர் வாசித்து இளம் வீரர்களை எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட்.

“அடுத்த கோடையில எங்காளுங்க அஞ்சு பேரு. நெத்தியத் தயாரா வெச்சுக்கோ.”

நியாயமாகப் பார்த்தால், ஒரு செட்டின் ஆழம் முதல் பையனிடம் இல்லை, ஐந்தாவது பையனிடம் இருக்கிறது. எங்கள் ஐந்தாவது தீஹன். கூச்ச சுபாவம், எப்போதும் சூரியகாந்தி விதை கொறிப்பான். டிராஃப்டுக்கு முந்தைய வசந்தத்தில் அவன் நெஞ்சில் குழாயை வைத்தபோது துடிப்புக்கு நடுவே ஓர் உரசல் கேட்டது. மறுபடி வைத்தேன், மறுபடியும் கேட்டது. அந்தச் சத்தம் உள்ளவன் பனித்தளத்தில் கால் வைக்கக் கூடாது.

“ஏதாவது கோளாறா டாக்டர்?”

“உனக்கென்னடா, காளை மாதிரி இருக்க. சட்டையப் போடு.”

கடைசிச் சுற்றில் அவன் பெயரை வாசித்தார்கள். குளியலறையே பார்க்க ரோதியோனின் நெற்றியில் சுண்டினேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. அதன் பிறகாவது பையனிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால், நோயாளி கணக்கில் வர மாட்டான் என்று ரோதியோன் குதிப்பான். தள்ளிப்போட்டேன். இலையுதிர் காலத்தில், பயிற்சியின் நடுவே, யாரும் இடிக்காமலே தீஹன் விழுந்தான். எழவில்லை.

அடக்கத்தின்போது அவன் அம்மா ஸோயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பாத்து அனுப்பின புள்ள, டாக்டர். எப்படி இப்படி ஆச்சு?”

பாவம். அப்போது பக்கத்தில் நின்ற ரோதியோன் கையைத் தூக்கினான். நான் சட்டென்று நெற்றியை மூடிக்கொண்டேன். அவன் கண்ணைத் துடைக்கத்தான் தூக்கியிருக்கிறான்.

“ஏன்டா நெத்திய மூடற? ஜெயிச்சவன் நீதான?” என்றான். பிறகு மெதுவாக, “கிளெப்... உனக்குத் தெரியுமா?”

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறான், அப்படித்தானே? சரி, எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டது, தெரிந்தேதான் மறைத்தேன். பையன் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் டிராஃப்டில் வாசித்த பெயரை யாரும் திருப்பி வாங்குவதில்லை. எங்கள் செட் ஐந்து, அவன் செட் நான்கு. ரோதியோனிடம் அதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.