பயன் தெரியவில்லை

எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. தும்மித் தும்மியே அகழாய்வுக் குழிகளில் இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தோண்டியெடுத்த பொருள் எதற்கென்று பிடிபடாவிட்டால், 'பயன் தெரியவில்லை. சடங்காக இருக்கலாம்' என்று குறிப்பேட்டில் எழுதுவோம். அடியில் விரல் நுழையும் துளையோடு கிடைத்த மண்கலத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். போகப் போக 'இருக்கலாம்' உதிர்ந்துவிட்டது. அது பலிக் கலம் என்று புத்தகம் போட்டேன். அந்தப் புத்தகம்தான் எனக்குத் துறைத் தலைவர் நாற்காலியைக் கொடுத்தது.

என் தம்பி மானுடவியல்காரன். நான் செத்தவர்களின் பானையைப் பார்ப்பேன். அவன் உயிரோடிருப்பவர்களின் வாயைப் பார்ப்பான். அப்பா போனபின் அவனை வளர்த்தது நான்தான்.

பக்கத்துக் குயவர் குடியிருப்பில் நான்கு மாதம் தங்கியவன், ஒருநாள் மதியம் நேராகக் குழிக்கே வந்தான். கையில் அதே மாதிரிக் கலம், புத்தம் புதியது.

"துளையில வைக்கோலை அடைச்சு விதை ஊறவைப்பாங்களாம் அண்ணே. உருவினா தண்ணி வடிஞ்சிடும். இதுகூடத் தெரியாதான்னு இதைச் செஞ்சு குடுத்த அம்மா சிரிக்கிறாங்க. உனக்குத் தெரியலைன்னா சாமி தலையில கட்டிடுவியா?"

திங்கட்கிழமை கருத்தரங்கில் இருவரும் சேர்ந்தே சொல்லிவிடலாம் என்றான். கட்டுரையில் என் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தான். நல்ல பிள்ளை.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பழைய கலம் கிடைத்த இடத்தைப் பார்க்க இரண்டாள் ஆழத்தில் இறங்கினான். மழையில் ஊறிய சுவர். அது சரியாமல் பிடித்த பலகைகளைத் தாங்கிய முட்டுக்கட்டைகளில் இரண்டை உருவினேன்.

ஆட்கள் ஓடிவந்து மண்வெட்டியைத் தூக்கினார்கள். அவன் உடம்பில் பட்டுவிடும் என்று தடுத்தேன். நானே கொத்துக்கரண்டியால் சுரண்டி, தூரிகையால் தள்ளி, அங்குலம் அங்குலமாக மண்ணை எடுத்தேன். என் பாசத்தைப் பார்த்து மேலே நின்றவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை ஐயா. முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

உடனே போய்விட்டான், நோகவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள். நானும் நம்புகிறேன்.

அவன் முகத்துக்கு மேலே ஒரு பலகை குறுக்காக விழுந்து, மூச்சுவிடச் சாண் அளவு இடம் விட்டிருந்தது. அதன் அடிப்பக்கத்தில் கீறல்கள். புதியவை, ஆழமானவை, எட்டெட்டாகப் பல வரிசை. பழக்கதோஷம், அளந்து குறிப்பேட்டில் ஏற்றினேன். நீங்கள் கைப்பற்றிய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்:

'பயன் தெரியவில்லை, சடங்காக இருக்கலாம்.'