கிம்பிரல் வீட்டு வாசல் கதவு

ஜூலை மாதத்தில் மரக்கதவு உப்பும். ஓஹையோ ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளக் கூடாது. செப்டம்பரில் அது தானாக இளகிவிடும். கிம்பிரல் வீட்டுக் கதவு நூற்று இருபத்தொன்பது வருடங்களாக இப்படித்தான் உப்பியும் இளகியும் வந்திருக்கிறது.

துணை ஷெரீப் அவர்களே, என் வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். உங்கள் முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். நானே எழுதித் தருவது இருவருக்கும் நல்லது.

என் பெயர் வென்டெல் ப்ரூக். வயது அறுபத்தொன்று. இந்த ஊரின் பழைய வீடுகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். என் கையெழுத்து இல்லாமல் பழைய பகுதியில் ஒருவர் தெருவுக்குத் தெரியும்படி ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அதற்காக ஊர் என்னைக் கரித்துக்கொட்டுகிறது. அந்த ஊரின் லட்சணம் தெரிய வேண்டுமானால் மேட்டுத் தெருவைத் தாண்டிப் போனால் போதும். அருமையான பலகைச் சுவரை அலுமினியத் தகட்டால் மூடிவிட்டு, இனிமேல் பெயின்ட் அடிக்கும் வேலை மிச்சம் என்று பூரித்துப்போகிற ஜனங்கள். உங்கள் வீடும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிம்பிரல் பன்றி இறைச்சியை உப்பிலிட்டு, பீப்பாய் பீப்பாயாகப் படகில் தெற்கே அனுப்பிப் பணக்காரர் ஆனவர். படிப்பு வாசனை கிடையாது. ஆனாலும் 1858இல் வீடு கட்டியபோது அவருக்கு ஒரு கூச்சம் இருந்திருக்கிறது; நல்லது எது என்று தெரிந்தவர்களைக் கேட்டுக் கட்டினார். இத்தாலிய மாளிகைப் பாணி. கூரை விளிம்பைத் தாங்கும் செதுக்கிய மரத்தாங்கிகள், உச்சியில் ஆற்றைப் பார்த்த கண்ணாடிக் கூண்டு, வாசலில் கறுப்பு வால்நட் மரக்கதவு. கதவின் மேல்பாதி முழுக்கச் சிவப்புக் கண்ணாடி. அந்தச் சிவப்பைச் சுரண்டித் திராட்சைக் கொடி ஒன்றை வரைந்திருந்தார்கள். அப்படி ஒரு கண்ணாடி இந்த மாவட்டத்தில் வேறெங்கும் இல்லை.

அந்த வீடு கடைசியில் திருமதி ஓபல் ஸ்டக்கியிடம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு மசித்தவர். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். புல்வெளியில் பிளாஸ்டிக் பூநாரைகளை நட்டு வைத்திருந்தார், ஏழு. எண்ணியிருக்கிறேன்.

மே மாதம் அவரிடமிருந்து மனு வந்தது. வாசல் கதவை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போட வேண்டுமாம். குழுக் கூட்டத்துக்கு நேரிலேயே வந்தார்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசாவுது, வென்டெல். கோடை வந்தா அந்தக் கதவு அசையவே மாட்டேங்குது. பின்கதவுப் படியில என்னால இறங்க முடியாது, அதத் தாப்பாப் போட்டே வச்சிருக்கேன். நான் உள்ள மாட்டிக்கிட்டா யாரு வந்து தூக்குவா? உங்க கிம்பிரலா?"

கூட்டம் சிரித்தது. இந்த ஊருக்குச் சிரிப்பு மட்டும் சுலபமாக வரும்.

"கொஞ்சம் அழுத்தித் தள்ளினா திறக்கும்மா," என்றேன்.

"தள்ளணும்னா நான் வெளியில நிக்கணும்யா. உள்ளேருந்து இழுக்கணும். உன் பெரிய பெரிய புத்தகத்துல அதெல்லாம் போடலியாக்கும்?"

சரி, கதவோரத்தையாவது கொஞ்சம் இழைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வால்நட் மரத்தில் இழைப்புளி வைப்பதாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. மனுவைத் தள்ளுபடி செய்தேன். கதவு நல்ல நிலையில் இருக்கிறது, தோள் கொடுத்தால் திறக்கும், மாற்ற வேண்டியதில்லை என்று உத்தரவில் தெளிவாக எழுதினேன். அவர் மேல்மனு போட்டார். அதையும் தள்ளுபடி செய்து, அந்த உத்தரவைக் கொடுக்கத்தான் ஜூலை இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அங்கே போனேன். வெயில் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

கதவிலிருந்த கடிதத் துவாரத்தில் உறையைப் போட்டபோது உள்ளே முனகல் கேட்டது. திராட்சைக் கொடியின் தெளிந்த பகுதி வழியாகப் பார்த்தேன். மாடிப்படி அடியில் கிடந்தார். கதவை இழுத்திருக்கிறார், பீங்கான் குமிழ் கையோடு வந்து மல்லாக்க விழுந்திருக்கிறார்.

"வென்டெலா? நல்லவேள வந்த. இடுப்பு போச்சுய்யா. காலையிலேருந்து கெடக்குறேன். தோளக் குடுத்துத் தள்ளு."

"கண்ணாடி இருக்கேம்மா."

"என்னது?"

"அதிர்வுல கண்ணாடி விரிசல் விட்டுடும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அவர்கள் கையில் கோடாலியோடு வருவார்கள். சுற்றியுள்ள ஜன்னல்களோ எல்லாம் அந்தக் காலத்துக் கண்ணாடி. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை உடைப்பதா? வீட்டுக்குப் போய் லூயிவில் நகரத்தில் எனக்குத் தெரிந்த தச்சருக்கு போன் செய்தேன். வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நான் திரும்பி வந்தேன். வெயில் தாழ்ந்தால் மரம் கொஞ்சம் இளகும் என்று வாசல் ஊஞ்சலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தபால்காரன் டுவெயின் வந்தான்.

"உள்ள என்னமோ சத்தம் கேக்குதே சார்?"

"ரேடியோ," என்றேன். "அந்தம்மா மக வீட்டுக்குப் போயிருக்காங்க. அணைக்காமப் போயிட்டாங்க."

அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே கதவை எட்டி உதைத்திருப்பான். அவனுடைய பூட்ஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அதன்பிறகு அவர் தண்ணீர் கேட்டார். துவாரம் குறுகலானது, அதன் வழியாகக் கொடுக்க எதுவும் இல்லை. மனதைத் திசைதிருப்பினால் வலி தெரியாது என்பதால் அவருக்கு அந்த வீட்டின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். வால்நட் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, கண்ணாடி எப்படி வைக்கோலில் பொதிந்து படகில் வந்தது, கூண்டில் நின்று கிம்பிரல் எப்படித் தன் பீப்பாய்களை எண்ணுவார், எல்லாம். இதைப் பல வருடங்களாக அவருக்குச் சொல்ல முயன்றிருக்கிறேன். ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. நடுவில் எதையாவது சொல்லிச் சிரிப்பார்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடா?" என்று ஒருதரம் கேட்டார். அதுதான் கடைசியாகக் குறுக்கிட்டது. நான்கு மணிக்கு மேல் அவர் இடைமறிக்கவே இல்லை. அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் சொன்னேன். திருப்தியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் இருந்தது.

ஐந்து நாற்பதுக்கு டுவெயின் மறுபடி வந்தான், கூடவே தீயணைப்பு நிலையத்து ரஸ்ஸல். திருமதி ஸ்டக்கியின் ரேடியோ இரண்டு வாரமாக ரிப்பேர் கடையில் கிடக்கிறதாம். கடைக்காரர் தபாலை வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னாராம்.

"தள்ளிப் போங்க சார்," என்றான் ரஸ்ஸல்.

"கண்ணாடி, பார்த்து," என்றேன்.

நீங்கள் என்னிடம் ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தோள் கொடுத்தால் திறக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன், மூன்றரை மணி நேரம் ஏன் தோள் கொடுக்கவில்லை? மடக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள். அவர் சாவார் என்று தெரியும். நான்கு மணிக்கே தெரியும். அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் கதவைப் பற்றிய விஷயத்தில் நான் சொன்னதைத் திரிக்க வேண்டாம்.

ரஸ்ஸல் கோடாலியை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு தரம் தோளால் தள்ளினான். கதவு திறந்துகொண்டது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நான் விரலால் தடவியே பார்த்தேன். அந்தக் கதவை மாற்ற வேண்டியதில்லை என்று நான் இரண்டு முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இனிமேலாவது ஊரார் ஒப்புக்கொள்ளட்டும்.