கேட்டை அடைத்து நின்ற கார்

– தள்ளாதீங்க வாத்தியாரே, புதுச் சட்டை வேர்வையில நனைஞ்சதுதான் மிச்சம்.

– அதாவது, கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு சம்பந்தியம்மா.

– அசைஞ்சது நீங்க. இது ஹைபிரிட். பேட்டரி செத்தா கியர் பார்க்கிங்லயே பூட்டிக்கும், சக்கரம் உருளாது.

– அப்ப உங்க வண்டியில போயிடலாமே?

– நல்லாருக்கு. என் கேட்டை அடைச்சு நிறுத்தினது யாரு? சுவரேறிக் குதிக்க என் வண்டிக்குக் கால் இல்ல.

– டாக்ஸி வர நாப்பது நிமிஷமாம். பதினொண்ணுக்குள்ள நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலன்னா, பதிவு ஆபீஸ்ல பிள்ளைங்க கல்யாணத்துக்கு அடுத்த தேதி கிடைக்க ரெண்டு மாசம். அப்பா வேணும்னே பண்ணிட்டார்னு பையன் நினைப்பான்.

– நினைக்க மாட்டானா பின்ன? பஸ் ஓட்டுறவ வீட்ல படிப்பு வாசனையே இருக்காதுன்னு என் பொண்ணு முன்னாடியே சொன்ன ஆளு நீங்க.

– அதாவது, அன்னிக்கு...

– அதை விடுங்க. பானட்டைத் திறங்க. என் வண்டி மூக்குக்கு மூக்கு நிக்குது, கேபிள் எட்டும்.

– பேட்டரியவே காணோமே?

– டிக்கியில இருக்கு. கரண்ட் இல்லாம டிக்கி திறக்காது. அதுக்குத்தான் இந்தச் சிவப்பு மூடிக்குள்ள ஒரு முனை வச்சிருக்கான். ஆரஞ்சு ஒயர்லேர்ந்து கையை எடுங்க.

– சும்மா பார்த்தேன்.

– கண்ணால பாருங்க. அது பெரிய பேட்டரியோட ஒயர். தொட்டு வச்சீங்கன்னா அங்க உங்க போட்டோதான் வந்து கையெழுத்துப் போடணும். சிவப்பு கிளிப் உங்க முனையில, மறுமுனை என் ப்ளஸ்ல. கறுப்பு என் மைனஸ்ல.

– மிச்ச கறுப்பு என் மைனஸ்ல.

– இல்ல. பெயின்ட் இல்லாத இந்த போல்ட்ல, தள்ளி. பொறி பறந்தாலும் இங்கேயே போயிடும்.

– இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?

– இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கேன். படிப்பு வாசனை இல்ல, டீசல் வாசனை உண்டு. சரி, என் எஞ்சின் ஓடுது. அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. வாத்தியாருக்குக் கஷ்டம்தான்.

– ...

– நல்லாருக்கே. இருக்கீங்களே. சரி, இது எப்படிச் செத்துச்சு?

– ஆறு மணிக்கே வந்துட்டேன். ஃபேன், ரேடியோ, உள்லைட்டு. ஹெட்லைட்டையும் அணைக்கல.

– வந்து நிறுத்தினப்புறம் பிரேக்கை மிதிச்சுப் பட்டனை அமுக்கினீங்களா?

– வெறும் பட்டன்தான்.

– அப்ப கார் ஓடவே இல்ல. அந்தச் சின்ன பேட்டரியே தனியா மாடா உழைச்சிருக்கு. இப்ப பிரேக்கை நல்லா மிதிச்சு அமுக்குங்க.

– சத்தமே இல்லையே. போச்சு.

– 'ரெடி'ன்னு எரியுதா?

– எரியுது.

– அப்ப ஓடுது. இதுக்கு வாய் கிடையாது, அவ்வளவுதான். ஆஃப் பண்ணிடாதீங்க, போட்டதுக்குத் தலைகீழா கழட்டணும், இந்த போல்ட்ல இருக்கிற கறுப்பு முதல்ல. ஆச்சு. என் வண்டிய அணைச்சுட்டு வரேன், உங்களோடயே ஏறிக்கிறேன்.

– ஏறுறதுக்கு முன்னாடி இதை வாங்கிக்குங்க.

– என்ன பேப்பர் இது?

– அதாவது... உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நாலு தாள் கிழிச்சுப் போட்டாச்சு. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவன், இது ஒண்ணு வரல. காலையிலேர்ந்து கார்ல உக்காந்திருந்தது இதுக்குத்தான்.

– தெரியும். மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். எட்டு மணிக்கே ஹெட்லைட் மங்க ஆரம்பிச்சுது, இறங்கி வந்து அணைக்கச் சொல்லியிருக்கலாம். எழுதி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்.