பதினேழு சிவப்பு வரிகள்

அருள்புரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவர், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்: "முன்னால ஒரு தப்புத்தான் சொல்லுச்சு கண்ணு. நீ சரி பண்ணுனதுக்கப்புறம் பதினேழு சொல்லுது."

அவர் பனியன் கம்பெனி மேனேஜர் என்பதும், காலர் பின்னும் மெஷினுக்குக் கட்டளை எழுத அவள் ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாக்கியிருக்கிறாள் என்பதும் பேச்சிலேயே தெரிந்தது.

"பதினேழும் அப்பவே இருந்ததுங்க சார். முன்னால புரோகிராம் மொதத் தப்புலயே நின்னுக்கும். இப்பத்தான் எல்லாத்தையும் வரி நம்பரோட சொல்லுதுங்க."

"நாளைக்கு ஆர்டர் குடுக்கற பையர் வர்றாரு. ஸ்கிரீன் பூராச் செவப்பா இருந்தா என்ன நெனைப்பாரு? பச்சையில 'எல்லாம் சரி'ன்னு வர்ற மாதிரி பண்ணீரு."

"தப்பை மறைச்சா காலர்ல ஓட்டை உழுகுமுங்க."

"அதைச் செக்கிங்ல பாத்துக்குவாங்க."

"செக்கிங்ல ஓட்டைக்குப் பக்கத்துல அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. பையர் வர்றன்னிக்கு நீங்களே அதைப் பிச்சுப்போடுவீங்க."

அவர் சிரித்தார். "வேலம்பாளையத்துல எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்த மேனேஜரு, ஸ்டிக்கரைப் பிச்சா ஓட்டை போச்சும்பாரு. தங்கமான மனுசன். உன்னால முடியாதுன்னா சொல்லீரு கண்ணு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க சார். நான் மாத்தமாட்டேனுங்க."

அடுத்த ஸ்டாப்பில் அவள் இறங்கிவிட்டாள்.

அந்தத் தங்கமான மனுசன் நான்தான். ஸ்டிக்கரைப் பிய்க்க மறுத்த ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியவனும் நான்தான். அவர் திரும்பிப் பார்த்து வணக்கம் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, என் ஸ்டாப் வந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தேன்.